உங்கள் மாடு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படுக்கிறது?

சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், காலையில் எத்தனை லிட்டர், சாயங்காலம் எத்தனை லிட்டர், எத்தனையாவது ஈத்து, எப்போது சினை ஊசி போட்டது, நேற்று பால்மானி எத்தனை டிகிரி காட்டியது என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். அதே மாடு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படுக்கிறது என்று கேளுங்கள். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அது படுக்கிறப்போ படுக்கும்" என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா சொன்ன பதிலும் அதேதான், கூடவே "உனக்கு வேற வேலை இல்லையா" என்பதும் வந்தது.

இதையே வேலையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவருக்குக் கிழக்கே, ஃப்ரேசர் பள்ளத்தாக்கில் அகசி என்று ஒரு சின்ன ஊர். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால்மாட்டு ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கிறது. டேவிட் ஃப்ரேசர் 1997-ல் அந்தப் பல்கலைக்கழகத்தில் விலங்கு நல ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தார், அப்புறம் டேன் வியரி, மரீனா வான் கைசர்லிங்க் இருவரும் சேர்ந்து பல வருடம் நடத்தினார்கள். கறவை மாட்டின் நலம் பற்றி உலகத்தில் எங்கே யார் எழுதினாலும் இவர்களுடைய கட்டுரை ஒன்றாவது மேற்கோளில் இருக்கும். கொஞ்ச நாளாக ராத்திரி நேரத்தில் இவற்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நோய் இல்லாத மாடு நல்ல மாடு என்பதுதான் நமக்குத் தெரிந்த கணக்கு. ஃப்ரேசரும் அவர் கூட்டாளிகளும் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: உடம்பு சரியாக இயங்குகிறதா, மாட்டுக்கு எப்படி இருக்கிறது (வலியா, பயமா, சுகமா), மாடு மாடாக வாழ முடிகிறதா. மூன்றும் எப்போதும் ஒரே திசையில் போகாது. உடம்பில் ஒரு குறையும் இல்லாத, நிறையக் கறக்கிற மாடு, வருடம் முழுக்க இரண்டடிக் கயிற்றில் நின்றுகொண்டிருக்கலாம். அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று ஆளுக்கு ஆள் சண்டை போடலாம். சண்டையை நிறுத்த ஒரே வழி மாட்டையே கேட்பது. எப்படிக் கேட்பது என்பதில்தான் இவர்கள் கெட்டிக்காரத்தனம்.

படுக்கையிலிருந்து தொடங்குகிறேன். 2007-ல் வந்த ஒரு ஆய்வில், மரத்தூள் போட்ட படுக்கையைச் சில நாள் காய்ந்ததாகவும் சில நாள் தண்ணீர் ஊற்றி ஈரமாகவும் வைத்தார்கள். காய்ந்த தூளில் மாடுகள் சராசரியாக ஒரு நாளைக்கு 13.8 மணி நேரம் படுத்தன. ஈரத் தூளில் 8.8 மணி நேரம். தீனி மாறவில்லை, கொட்டகை மாறவில்லை, மாடும் அதே மாடு, ஈரம் மட்டும்தான் வித்தியாசம், அதற்கே ஐந்து மணி நேரம் அதிகமாக நின்றிருக்கின்றன. இரண்டு படுக்கையையும் பக்கத்தில் வைத்து இஷ்டப்படி விட்டபோது ஈரமான பக்கம் ஏறக்குறைய எட்டியே பார்க்கவில்லை. அதே வருடம் இன்னொரு ஆய்வு, இரண்டு இடத்துக்கு மூன்று மாடு என்று நெருக்கி அடைத்தால் என்ன ஆகும் என்று. 12.9 மணி நேரம் படுத்தவை 11.2 மணி நேரத்துக்கு இறங்கின.

படுக்காவிட்டால் என்ன, நின்றுகொண்டே அசை போடட்டுமே என்றால், டென்மார்க்கில் லேனா முன்க்ஸ்கார்ட் குழு செய்த வேலை அதற்குப் பதில். தின்ன, படுக்க, மற்ற மாடுகளோடு இருக்க என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைக்கிற நேரத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். மாடு எதை விட்டுக் கொடுக்கிறது, எதை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். தீனி நேரத்தை விட்டது, அவசர அவசரமாகத் தின்றது, படுக்கிற நேரத்தை மட்டும் முடிந்தவரை விடவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பக்கத்துக் கட்டுத்தரைகள் ஞாபகம் வந்தன. கழுவ வசதி என்று எல்லோரும் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டோம். காலையில் கறவைக்கு முன்னால் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணீர் விட்டு அடித்துக் கழுவுகிறோம். சுத்தம்தான், மடிநோய் வராமல் இருக்க அதுவும் வேண்டும், ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் கழுவிய தளம் காயும் வரைக்கும் மாடு நிற்கிறது, அதுவும் ஐப்பசி அடைமழையில் அது காய்வதே இல்லை. மூத்திரம் வாய்க்காலுக்கு ஓடும்படி சரியாகச் சரிவு கொடுக்காத தளம் என்றால் கேட்கவே வேண்டாம், பின்னங்கால் நிற்கிற இடம் எப்போதும் நசநச என்றுதான் இருக்கும். பழைய மண் தரையில் காய்ந்த சோளத்தட்டுக் கழிவைப் பரப்பி வைத்திருந்த ஆட்களைப் பார்த்து நாம் சிரித்ததுண்டு.

தளம் பற்றி இன்னொரு கணக்கும் உண்டு. வியரியும் ஒரு கூட்டாளியும் 2000-ல் வெளியிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 20 பண்ணைகள், பின்னங்கால் முட்டியில் புண்ணோ முடி உதிர்ந்த தழும்போ இருக்கிறதா என்று மாடு மாடாகப் பார்த்தார்கள். மெத்தை போட்ட பண்ணைகளில் 91 சதவீத மாடுகளுக்கு இருந்தது. மரத்தூளில் 70. மணலில் 24. கவனியுங்கள், மெத்தைதான் மோசம். மாட்டுக்குச் சுகமாக இருக்கட்டும் என்று காசு கொட்டி வாங்கிப் போட்ட மெத்தை. மனிதன் கையால் அழுத்திப் பார்த்து மெத்து மெத்தென்று இருக்கிறது என்று வாங்குகிறான், அறுநூறு கிலோ உடம்பு அதே இடத்தில் முட்டியைத் தேய்த்துத் தேய்த்து எழுந்திருப்பது அவனுக்குத் தெரிவதில்லை. நம் ஊரில் இப்போது ரப்பர் மேட் விற்கிறவர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். வெறும் சிமெண்டுக்கு மேட் எவ்வளவோ தேவலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் மேட்டைப் போட்டுவிட்டோம் வேலை முடிந்தது என்று நினைக்காமல் அதற்கு மேலே காய்ந்ததாக எதையாவது பரப்புவது நல்லது.

சரி, மாட்டைக் கேட்பது என்றேனே, அதற்கு வருகிறேன். ஒரு தள்ளுகதவு. மாடு தலையால் முட்டித் தள்ளினால் திறக்கும். அதில் எடை கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகிறார்கள். இதற்கு மேல் தள்ள மாட்டேன் என்று மாடு எப்போது திரும்பிப் போகிறதோ, அதுதான் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொருளுக்கு மாடு வைக்கிற விலை. ஒரு தடவை அந்தப் பக்கம் புதிதாகப் போட்ட தீவனம், இன்னொரு தடவை திறந்த மேய்ச்சல் நிலம். கறந்து முடித்துப் பசியோடு வருகிற மாடு தீவனத்துக்கு எவ்வளவு எடையைத் தள்ளியதோ ஏறக்குறைய அவ்வளவையே மேய்ச்சல் நிலத்துக்கும் தள்ளியது. 2017-ல் வந்தது இந்த ஆய்வு. ராத்திரி நேரத்தில் வெளியே போக இன்னும் ஆசை அதிகம். அதற்கு முன்னாலேயே 2009-ல் கொட்டகைக்கும் புல்வெளிக்கும் இஷ்டம் போலப் போய்வர விட்டுப் பார்த்திருக்கிறார்கள், அப்போதும் ராத்திரி பூராவும் வெளியே, பகலில் வெயில் ஏறினால் உள்ளே. தள்ளுகதவு ஆய்வுக்கு அடுத்த வருடம், 2018-ல், மேய்ச்சல் நிலத்துக்குப் பதிலாகக் கதவுக்குப் பின்னால் உடம்பு தேய்த்துக்கொள்கிற சுழல் பிரஷ்ஷை வைத்தார்கள். அதற்கும் அதே அளவுக்குத் தள்ளியிருக்கின்றன. வேப்பமரத்தில் மாடு கழுத்தைத் தேய்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது, ஆனால் தீனிக்குச் சமமாக என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

நிழலைப் பற்றியும் யாராவது கேட்டிருப்பார்களா என்று தேடினேன். நியூசிலாந்தில் கேட்டிருக்கிறார்கள். மாடுகளைப் பன்னிரண்டு மணி நேரம் வரை படுக்க விடாமல் வைத்துவிட்டு, வெயிலில் படுக்கலாம் அல்லது நிழலில் நிற்கலாம், இரண்டில் ஒன்று என்று விட்டார்கள். படுக்கைக்கு அவ்வளவு ஏங்குகிற மாடு, சூடான நாளில் நிழலில் நிற்பதைத் தேர்ந்தெடுத்தது. அது நியூசிலாந்து வெயில். நம் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள், அதுவும் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டும் கூரை இருக்கிற கொட்டகைக்குள் கட்டிப் போட்ட சிந்து மாட்டைக் கேட்டால் என்ன சொல்லும் என்று ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. பக்கத்தில் புளியமரம் இருந்தால் அவிழ்த்துக் கொண்டுபோய்க் கட்டுங்கள், அவ்வளவுதான்.

இதெல்லாம் படிக்கச் சுவாரசியம். என்னை நிஜமாகவே உலுக்கியது நொண்டும் மாடுகள் பற்றிய ஆய்வுகள்தான். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆட்கள் 53 பண்ணைகளுக்குப் போய், உங்கள் மந்தையில் எத்தனை மாடு நொண்டுகிறது என்று முதலில் பண்ணைக்காரரைக் கேட்டார்கள். சராசரி பதில் நூற்றுக்கு ஆறுக்கும் கீழே. அப்புறம் இவர்களே ஒவ்வொரு மாட்டையும் நடக்க விட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்கு 22. இது 2003-ல் வந்தது. 2010-ல் இன்னும் பெரிதாக, இருநூறுக்கும் மேற்பட்ட பண்ணைகளில் பார்த்தபோது சராசரி 36 சதவீதம் நொண்டின, பண்ணைக்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தங்கள் பண்ணையில் அது பெரிய பிரச்சினையே இல்லை என்றார்கள்.

இவர்கள் யாரும் மாட்டை வெறுப்பவர்கள் இல்லை, பொய் சொல்கிறவர்களும் இல்லை. தினமும் பார்க்கிற கண் அது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது, ஆறு மாதத்துக்கு முன்னால் இந்த மாடு எப்படி நடந்தது என்பது மறந்தே போயிருக்கும். போதாததற்கு மாடு வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி. காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அளவுக்கு வந்தால்தான் நாம் "நொண்டுது" என்கிறோம், அதற்குள் குளம்புக்குள்ளே புண் ஆழமாகப் போயிருக்கும், பாலும் குறைந்திருக்கும். பால் குறைந்ததற்குத் தவிட்டையும் பிண்ணாக்கையும் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

அவர்கள் நடையைப் பார்க்கிற விதம் கற்றுக்கொள்ளச் சுலபம், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். மாட்டைச் சமதளமான தரையில், அவசரப்படுத்தாமல், பக்கவாட்டில் தள்ளி நின்று பார்க்க வேண்டும். முதலில் முதுகு. நிற்கும்போது நேராக இருந்து நடக்கும்போது வில் மாதிரி வளைந்தால் ஆரம்பம். நிற்கும்போதே வளைந்திருந்தால் அதைவிட மோசம். அடுத்து தலை, ஒவ்வொரு அடிக்கும் தலை மேலும் கீழும் ஆடுகிறதா. அப்புறம் முக்கியமானது பின்னங்கால் விழுகிற இடம். நன்றாக நடக்கிற மாட்டின் பின்னங்குளம்பு, முன்னங்குளம்பு பதிந்து எடுத்த தடத்தின் மேலேயே ஏறக்குறைய விழும். வலி இருந்தால் தடத்துக்குப் பின்னாலேயே நின்றுவிடும். இதற்குக் கேமரா எதுவும் வேண்டாம், தண்ணீர் காட்டக் கூட்டிப்போகிற வழியில் ஈர மண் இருந்தால் தடமே சொல்லிவிடும். நம் சங்கடம் என்னவென்றால், பல வீடுகளில் மாடு நடப்பதே இல்லை. தண்ணீர், தீனி, கறவை எல்லாம் கட்டின இடத்திலேயே. நடக்காத மாடு நொண்டுகிறதா என்று எப்படித் தெரியும்?

அகசியில் தீவனத் தொட்டிகளுக்கு மின்னணுக் கதவு உண்டு. காதில் இருக்கிற தோட்டைப் படித்து, எந்த மாடு எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை கிலோ தின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளும். ஜூலியானா ஹஸ்ஸி என்ற ஆய்வாளர் இதை வைத்துக் கன்று போடப் போகிற மாடுகளைப் பின்தொடர்ந்தார். கன்று போட்ட பிறகு கருப்பை புண்ணாகி நாற்றமடிக்கிற சளி போகுமே, காய்ச்சல் அடிக்குமே, அந்த நோய் எந்த மாட்டுக்கு வரப்போகிறது என்பது கன்று போடுவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே தீனியில் தெரிந்துவிட்டது. பின்னால் நோய் கடுமையாக வந்த மாடுகள், அப்போதே மற்றவற்றைவிடக் குறைவாகத் தின்றுகொண்டிருந்தன. கன்று போடுவதற்கு முந்தைய வாரத்தில் தினத் தீனி ஒரு கிலோ குறைந்தால் (ஈரத்தைக் கழித்துவிட்டுக் காய்ந்த எடைக் கணக்கில்) கடுமையான நோய் வருகிற வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. இன்னொன்றும் கவனித்தார்கள். அந்த மாடுகள் தொட்டியில் சண்டைக்குப் போகவில்லை. வேறு மாடு வந்தால் ஒதுங்கிக்கொண்டன.

ஒதுங்குகிற மாட்டை நம் ஊரில் என்ன சொல்வோம்? சாது. நல்ல குணம். விலை பேசும்போது அதையும் சேர்த்துச் சொல்வோம். சினை மாடு திடீரென்று சாதுவானால் அது குணமில்லை, கவனிக்க வேண்டிய சங்கதி என்பது எனக்கு இந்தக் கட்டுரையில்தான் உறைத்தது. உடம்பு சரியில்லாததால் ஒதுங்குகிறதா, ஒதுங்கித் தின்னாததால் உடம்பு கெடுகிறதா என்பது வேறு கேள்வி, இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். எப்படியானாலும் நாம் செய்யக்கூடியது ஒன்றுதான், ஏழு மாதம் தாண்டிய சினை மாட்டுக்குத் தனித் தொட்டி. இரண்டு மாட்டுக்கு ஒரே தொட்டியில் போட்டுவிட்டு "ரெண்டும் தின்னுட்டுதா" என்று காலித் தொட்டியைப் பார்த்துத் திருப்திப்படுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. எது தின்றது என்பதுதானே விஷயம்.

கன்றுகள் விஷயத்தில் நமக்கும் அவர்களுக்கும் பழக்கம் வேறு. அங்கே பிறந்த கொஞ்ச நேரத்தில் தாயிடமிருந்து பிரித்துத் தனித்தனிக் கூண்டில் வைத்து, உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு பால் கொடுத்து வளர்ப்பது நெடுநாள் வழக்கம். 2002-ல் வேண்டிய அளவு குடிக்க விட்டுப் பார்த்தார்கள். வழக்கமான அளவைவிட 89 சதவீதம் அதிகம் குடித்தன, பால் மறக்கிறதற்கு முன் எடை 63 சதவீதம் அதிகம் கூடியது. அதாவது அதுவரை வளர்ந்த கன்றெல்லாம் அரைப் பட்டினியில் வளர்ந்தது. நம் வீடுகளில் கன்றை ஊட்டவிட்டுத்தான் பால் சுரக்க வைக்கிறோம், நமக்கு இது தெரியாதா என்று பெருமையாக நினைக்கலாம். நாலு இழுப்பு இழுத்ததும் கன்றைப் பிடுங்கி முளையில் கட்டிவிட்டு, கடைசியில் ஒரு காம்பில் மிச்சம் விட்டதாகச் சொல்லிக்கொள்கிறோமே, அந்த மிச்சத்தை யாராவது அளந்ததுண்டா? காளைக் கன்று என்றால் அதுவும் கிடையாது. அதை இங்கே விரித்து எழுத மனசு வரவில்லை.

கொம்புக் குருத்தைச் சுடுவதைப் பற்றி 2013-ல் வந்த சோதனை நான் படித்ததிலேயே நூதனமானது. கன்றுகளுக்குத் திரையில் இரண்டு நிறம் பழக்கினார்கள், சிவப்பு, வெள்ளை. ஒன்றைத் தொட்டால் பால், மற்றதைத் தொட்டால் பால் கிடையாது, கொஞ்ச நேரம் சும்மா காத்திருக்க வேண்டும். பழகின பிறகு இரண்டுக்கும் நடுவிலான இளஞ்சிவப்பைக் காட்டினால் கன்று என்ன செய்யும்? பால் வந்தாலும் வரும் என்று போய்த் தொடுகிற கன்று நம்பிக்கையோடு இருக்கிறது. கொம்பைச் சுட்ட பின், அன்றைக்கும் மறுநாளும், அதே கன்றுகள் நடு நிறங்களை நோக்கிப் போவது குறைந்தது. தாயைப் பிரித்த பிறகு செய்து பார்த்தபோதும் அதே மாதிரிதான். வலி என்றால் கத்துவது, உதைப்பது என்று மட்டும் நினைத்திருந்தோம். கத்தி ஓய்ந்த பிறகும் கன்றுக்கு உலகமே கொஞ்சம் இருண்டு போகிறது என்பதை எண்ணிக்கையில் பிடித்துவிட்டார்கள்.

எல்லா ஆராய்ச்சியும் காகிதத்தோடு நின்றுவிடவில்லை. வட அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் மாட்டின் வாலை வெட்டிவிடுகிற வழக்கம் இருந்தது. வால் இருந்தால் சாணியை அடித்து மடியை அழுக்காக்கும் என்று காரணம் சொன்னார்கள். அகசிக்காரர்கள் 2001-ல் ஒரே பண்ணையில் வால் வெட்டிய மாடுகளையும் வெட்டாத மாடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சுத்தத்திலும் வித்தியாசம் இல்லை, மடியின் ஆரோக்கியத்திலும் இல்லை. ஈ ஓட்ட வாலில்லாத மாடு மட்டும்தான் மிச்சம். கனடாவின் பால்மாட்டு நெறிமுறை 2009-ல் வால் வெட்டுவதைத் தடுத்தது, கொம்பு சுடும்போது வலி மருந்து கட்டாயம் என்றது. 2023-ல் புதுப்பித்த நெறிமுறையில், 2027-லிருந்து மாட்டை ஒரு ஈத்திலிருந்து அடுத்த ஈத்து வரை அவிழ்க்காமலே கட்டி வைக்கக் கூடாது, 2031-லிருந்து ஆரோக்கியமான கன்றுகளை நாலு வார வயதுக்குள் ஜோடியாகவோ கூட்டமாகவோதான் வளர்க்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். இந்த ஆராய்ச்சிக்குப் பணம் தருவதில் கனடாவின் பால் பண்ணையாளர் அமைப்பும் உண்டு. அதனால் பண்ணைக்காரர்களுக்குச் சாதகமாக எழுதுவார்களோ என்று நானும் சந்தேகத்தோடுதான் படிக்கத் தொடங்கினேன், ஆனால் மெத்தைக் கணக்கையும் வால் கணக்கையும் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

நமக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்பவர்களுக்கு ஒன்று. நம் பாலுக்குக் கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.பையும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்துத்தான் காசு. மாடு எத்தனை மணி நேரம் படுத்தது என்று கேட்டு யாரும் லிட்டருக்குப் பத்துப் பைசா கூட்டித் தரப் போவதில்லை. அதனால் காசு செலவாகாதவற்றை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் தளம் கழுவுவதை நிறுத்தி, காய்ந்த சாணியை வாரிவிட்டுத் தேங்காய் நார்த்தூள் போடுகிறோம். சினை மாட்டுக்குத் தொட்டி தனி. சாயங்காலம் தண்ணீருக்கு அவிழ்த்து நடத்திக் கூட்டிப்போகிறோம், அம்மா முன்னால் கயிற்றைப் பிடித்துப் போக நான் பக்கவாட்டில் தடத்தைப் பார்த்துக்கொண்டே போகிறேன், ஊர் சிரிக்கிறது.

நார்த்தூள் ஈரத்தை நன்றாகக் குடிக்கிறது, ஆனால் அடைமழையில் இரண்டு நாளில் கனத்துப் போய் நாற்றம் வருகிறது. கடலைத்தொலி போட்டவர்கள், மணல் கிடைக்காத இடத்தில் எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்கிற மணல்) போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் முட்டி எப்படி இருக்கிறது, மடிநோய் கூடியதா குறைந்ததா என்று கீழே எழுதுங்கள். எம்-சாண்ட் கூர்மையாக இருக்குமே, தோலை அறுக்காதா என்பதுதான் என் சந்தேகம்.